மோட்டார் கொட்டகையும் ஜி.டி. நாயுடுவும்

1974-ஆம் ஆண்டு கோடையில் எங்கள் வீட்டு ஆயில் எஞ்சின் விற்கப்பட்டது. அது நின்ற கொட்டகையிலேயே ஐந்து குதிரைத்திறன் கொண்ட மின் மோட்டார் ஒன்று வந்து இறங்கியது. திருவையாற்றுக்குக் கிழக்கே, காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடைப்பட்ட சிற்றூர் எங்களுடையது. அப்போது நான் ஏழாம் வகுப்பு மாணவன். மோட்டாரின் முதுகில் பதித்திருந்த பித்தளைத் தகட்டில், தயாரித்தவர் பெயருக்குக் கீழே கோயம்புத்தூர் என்று பொறித்திருந்தது. நான் அதுவரை பார்த்திராத அந்த ஊர் எனக்கு அறிமுகமானது அந்தத் தகட்டின் வழியாகத்தான்.

அதே ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி கோவையில் ஜி.டி. நாயுடு காலமாகியிருந்தார். எங்கள் கொட்டகைக்கு வந்த மோட்டாருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்பதை வீட்டில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. பொருளாதாரம் படித்து, அதையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த பிறகுதான் எனக்கே அது விளங்கியது.

முதலில் அந்த ஆயில் எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் தந்தையார் அதைப் பழைய பொருளாக வாங்கியிருந்தார். கைப்பிடியைச் செருகிச் சுற்றி, வேகம் பிடித்ததும் நெம்புகோலைத் தட்டிவிட வேண்டும். உயிர் வந்தால் ஊருக்கே கேட்கும். வராவிட்டால் மறுபடியும் சுற்ற வேண்டும். டீசலில் கலந்த தண்ணீர், நாசிலில் அடைப்பு, தேய்ந்த ரிங் என அதற்கு நோய்கள் பல. ஒரு குறுவைப் பருவத்தில் நாற்றங்கால் வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது படுத்துவிட்டது. உதிரிப் பாகம் தஞ்சாவூரில் கிடைக்கவில்லை. திருச்சிக்குப் போன ஆள் திரும்பி வருவதற்குள் ஆறு நாள்கள் ஓடிவிட்டன. பாதி நாற்று போயிற்று. எஞ்சின் வாங்க வாங்கிய கடனைவிட அந்த ஆறு நாள்களையே என் தந்தையார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் விலை என்பது வாங்கும்போது கொடுக்கும் தொகை மட்டுமல்ல, அது நின்றுபோகும் நாளில் நாம் இழப்பதும் சேர்ந்ததுதான் என்ற பாடம், பின்னாளில் நான் படித்த எந்தப் பாடநூலிலும் அவ்வளவு தெளிவாக இல்லை.

நாயுடுவின் வாழ்க்கையும் ஓர் எஞ்சினிலிருந்துதான் தொடங்குகிறது. 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-இல் கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில், வேளாண் குடும்பத்தில் பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. தொடக்க வகுப்புகளோடு நின்றுபோனது. ஊருக்கு வந்த வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள்தான் அவரைப் பிடித்து இழுத்தது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் அந்த வண்டியை வாங்கியே தீர்வது என்று கோவைக்கு வந்து உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை செய்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காசு சேர்த்து, அந்த அதிகாரியிடமே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் செய்த முதல் வேலை, அதைத் துண்டு துண்டாகக் கழற்றி மீண்டும் பூட்டியதுதான்.

இந்தச் சம்பவத்தைச் சிறுவர் நூல்களில் ஆர்வத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அன்றைய கோவையில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவருக்குப் பழுதுபார்க்கும் கடை கிடையாது. கழற்றிப் பூட்டத் தெரியாதவர் அதற்கு உண்மையான உடைமையாளர் ஆகவே முடியாது. நாயுடு உற்பத்தியாளராக ஆவதற்கு வெகுகாலம் முன்பே, பழுதின் வலியை அறிந்த உடைமையாளராக இருந்தார். அவருடைய பிற்காலச் சாதனைகள் பலவற்றுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இடையில் பருத்தி வணிகம் வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அதில் நல்ல பணம் பார்த்தார்; பம்பாய்ச் சந்தையில் அதை இழந்தார். வெறுங்கையோடு திரும்பியவருக்குக் கோவையின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். அந்த உதவியால் ஒரு பேருந்தை வாங்கி, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். பதின்மூன்று ஆண்டுகளில், 1933-இல், அவருடைய நிறுவனத்தில் 280 பேருந்துகள் இருந்தன.

இந்த எண்ணிக்கையைப் படிக்கும்போது பலரும் மூலதனத்தை நினைக்கிறார்கள். நான் பணிமனையை நினைக்கிறேன். அன்றைய சாலைகளில், வெளிநாட்டிலிருந்து வந்த எஞ்சின்களைக் கொண்டு, இத்தனை வண்டிகளை நேரம் தவறாமல் ஓட்டுவது எளிதல்ல. உதிரிப் பாகம் கப்பலில் வர மாதங்கள் ஆகும். ஆகவே பாகங்களை இங்கேயே செய்தாக வேண்டும். பழுது வருமுன்பே அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். எஞ்சினின் அதிர்வைக் கொண்டு கோளாறைக் கண்டறியும் கருவி ஒன்றை அவர் அமைத்ததாக வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. பேருந்து வரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் பயணிகளுக்குக் காட்டும் பொறியையும் நிலையத்தில் வைத்தார். நேரத்தை எழுதி வைத்துவிட்டால் பிறகு வண்டி நின்றுபோனது என்று சாக்குச் சொல்ல முடியாது. தம்மையே கட்டிப்போடும் ஏற்பாடு அது.

அடுத்த கட்டம்தான் எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்வது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்குக் கிடைத்தது. ஆலைகள் பெருகின. மின் மோட்டார்கள் தேவைப்பட்டன. எல்லாம் கப்பலில் வந்தன. 1937-இல் பீளமேட்டில் நாயுடுவின் நியூ எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்கூடத்திலிருந்து ஒரு மோட்டார் வெளிவந்தது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டாராக அது கருதப்படுகிறது. அதன் பின்னால் இருந்த மூளை டி. பாலசுந்தரம் நாயுடு. பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவர். ஜி.டி. நாயுடுவின் பெயர் பெரிதாக ஒலிக்கும் இடங்களில் பாலசுந்தரத்தின் பெயர் அடங்கிப்போவது எனக்கு எப்போதும் உறுத்தலாக இருக்கும். வாய்ப்பைக் கண்டவர் ஒருவர், வடிவத்தைக் கண்டவர் இன்னொருவர். இருவரும் சேர்ந்துதான் அந்த மோட்டார்.

ஏன் கோவையில்? ஏன் தஞ்சாவூரில் இல்லை? என் மாணவர்களிடம் ஆண்டுதோறும் நான் கேட்ட கேள்வி இது. செல்வமும் படிப்பும் தஞ்சையில் குறைவாக இருக்கவில்லை. ஆனால் எங்களுக்கு ஆறு இருந்தது. கல்லணை இருந்தது, 1934 முதல் மேட்டூர் அணையும் இருந்தது. ஜூன் 12-ஆம் தேதி மதகு திறந்தால் தண்ணீர் தானே வயலுக்கு வரும். கொங்கு நாட்டு உழவருக்கோ ஆழமான கிணறும், கவலை இழுக்கும் ஒரு ஜோடி மாடும்தான். தண்ணீரின் ஒவ்வொரு சாலுக்கும் அவர் உழைப்பாகவோ தீனியாகவோ விலை கொடுத்தார். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு அங்கே வாங்குபவர் காத்திருந்தார். வாங்கியவர் பக்கத்து ஊர்க்காரர். மோட்டார் நின்றுபோனால் மறுநாள் காலை பட்டறை வாசலில் வந்து நிற்பார். அந்தக் கோபம்தான் கோவை மோட்டாரின் தரத்தை வளர்த்தது. தஞ்சையில் அப்படிக் கோபப்பட ஆளில்லை.

பிறகு காலம் மாறியது. 1960-களில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தஞ்சைக்கு வந்தது. குறுகிய காலப் பயிர்கள் வந்தன. ஆற்று மணலுக்கு அடியிலிருந்து நீர் எடுக்கும் ஃபில்டர் பாயிண்டுகள் பரவின. ஆற்றை நம்பியிருந்த நாங்கள் கோவையை நம்பத் தொடங்கினோம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை உரிய நாளில் திறக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில் டெல்டாவில் குறுவை கண்ட வயல்களெல்லாம் பெரும்பாலும் மோட்டார் வைத்திருந்தவர்களின் வயல்களே.

மின் மோட்டார் ஆயில் எஞ்சினைவிட நம்பகமானது என்பதற்குக் காரணம் எளிது. இண்டக்‌ஷன் மோட்டாரில் சுழலும் பாகம் ஒன்றே. எரிவது, வெடிப்பது, உரசுவது என்று எதுவும் இல்லை. இரண்டு பேரிங்குகளைத் தவிரத் தேய்வதற்கு அதிகமில்லை. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. மின்னழுத்தம் குறைந்தால் அதன் சுழற்றும் வலிமை, அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பச் சரியும். சுமை மட்டும் அப்படியே இருக்கும். மோட்டார் திணறிக்கொண்டு கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், வைண்டிங் சூடாகும், கடைசியில் காயில் எரியும். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். எங்கள் மோட்டார் முதல் பதினோரு ஆண்டுகள் ஒரு தொல்லையும் தரவில்லை. அதன் பின் அடுத்தடுத்த ஆண்டுகளில் இருமுறை எரிந்தது. மோட்டார் கெட்டுப்போனது என்றே எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் கெட்டது கம்பியில் வந்த மின்சாரம். ஒரே மின்மாற்றியில் அளவுக்கு மேல் இணைப்புகள் ஏறியிருந்தன.

உழவுக்கான மின்சாரம் 1990 முதல் தமிழகத்தில் முழுவதும் இலவசம். இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன. நான் அந்தத் திட்டத்தின் எதிரி அல்லன். அது இல்லாமல் டெல்டாவின் சிறு உழவர்கள் நிலத்தை விட்டிருப்பார்கள். ஆனாலும் பொருளாதாரம் படித்தவன் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மின்சாரத்துக்கு விலை இல்லாதபோது, அதைக் குறைவாகச் செலவிடும் நல்ல மோட்டாருக்குக் கூடுதல் விலை கொடுக்க யாருக்கும் காரணமில்லை. நான்கைந்து முறை வைண்டிங் கட்டிய மோட்டார் மின்சாரத்தை வீணாக்கினாலும் உழவருக்கு அது கணக்கில் வராது. விலை குறைந்ததும் எரிந்தால் கட்டிக்கொள்ளக் கூடியதுமே சந்தையில் வெல்லும். நாயுடு இதை எப்படிப் பார்த்திருப்பார் என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு. நிச்சயமாக அமைதியாக இருந்திருக்கமாட்டார்.

அமைதி அவருடைய இயல்பில் இல்லை. சிறு மோட்டாரில் இயங்கும் ரசாந்த் என்ற சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, திருத்த முடியாத வாக்குப்பதிவுப் பொறி என அவர் கை வைக்காத துறை குறைவு. 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். அதே காலத்தில் தேர்தலில் நின்று தோற்றார். 1941-இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்றார். 1952-இல் இருவர் அமரும் சிறு காரை 2,000 ரூபாய்க்குச் செய்து காட்டினார். அரசின் உரிமம் கிடைக்காததால் அது அத்தோடு நின்றது. பருத்தியிலும் பப்பாளியிலும் புதிய வகைகளை வளர்த்தார்.

அந்தக் காரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் அரசையே குற்றம் சொல்கிறார்கள். உரிம முறை பல நல்ல முயற்சிகளை நசுக்கியது உண்மை. ஆனால் ஒரு காரைச் செய்து காட்டுவது வேறு, அதை விற்றுவிட்டுப் பத்தாண்டுகள் ஓடச் செய்வது வேறு. அதற்கு நூற்றுக்கணக்கான பாகங்களை ஒரே தரத்தில் தரும் சிறு தொழிற்கூடங்கள் சுற்றிலும் இருக்க வேண்டும். 1952-இல் அவை இங்கே போதுமான அளவில் இல்லை. தம் பேருந்துகளை ஓட வைத்த மனிதருக்கு இது தெரியாதிருக்காது.

1950-களில் வரிக் கொள்கையை எதிர்த்துத் தம் கருவிகளைப் பொது மேடையில் உடைத்தெறிந்ததும் எனக்கு ஏற்புடையதல்ல. அவருடைய கோபம் நியாயமானது. உடைந்தவையோ அவருக்கு மட்டும் உரியவையல்ல. எத்தனையோ தொழிலாளர்களின் கைவேலையும் அவற்றில் இருந்தது.

கல்வியில் அவர் செய்ததை மட்டும் நான் தயக்கமில்லாமல் மதிக்கிறேன். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் உருவாக அவருடைய கொடை காரணமாக இருந்தது. முதல் முதல்வர் பொறுப்பும் அவருடையதே. பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் எதற்கு, இரண்டே போதும் என்றார், அரசு ஒப்பவில்லை, விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இரண்டு ஆண்டு போதும் என்பதை ஆசிரியன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலாது. ஆனால் கழற்றிப் பூட்டத் தெரியாதவரைப் பொறியாளர் என்று அழைக்கத் தயங்கிய அவருடைய மனம் எனக்குப் புரிகிறது.

சென்ற குறுவையின்போது எங்கள் ஊரில் அந்தப் பழைய கொட்டகையைப் பார்க்கப் போயிருந்தேன். நிலத்தை இப்போது என் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். நீர்மட்டம் இறங்கிவிட்டதால் மேலிருந்து உறிஞ்சும் பம்பு எட்டுவதில்லை; அவை இருபத்தைந்து அடிக்குக் கீழே பெரும்பாலும் தோற்றுவிடும். ஆழ்துளையில் நீர்மூழ்கி மோட்டார் இறங்கியிருக்கிறது. அது எரிந்தால் குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். முந்தின வாரம்தான் தூக்கியிருந்தார்கள்.

பாபநாசம் சாலையில் இருந்த வைண்டிங் கடைக்கு அவனோடு போனேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினான்கு மோட்டார்கள். கடைக்காரர் கருகிய செம்புக் கம்பிகளை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். இருபது வயதுகூட நிரம்பாத உதவியாளன் புதுக் கம்பியைச் சுற்றுகளை எண்ணியபடி சுற்றிக்கொண்டிருந்தான். எத்தனை நாளில் கிடைக்கும் என்று என் தம்பி மகன் கேட்டான். எண்ணிக்கை தவறிவிடும் என்பதால் அந்தப் பையன் நிமிரவில்லை. இரண்டு விரல்களை மட்டும் உயர்த்திக் காட்டினான்.