ஜான் நேப்பியர்

ஸ்காட்லாந்து தேசத்தின் எடின்பரோ நகரை அடுத்த மெர்கிஸ்டன் கோட்டையில் 1550ஆம் வருஷம் ஜான் நேப்பியர் பிறந்தார். அவர் எந்தக் கலாசாலையிலும் ஆசிரியராக அமர்ந்தவரல்லர்; தமது நிலபுலன்களைக் கவனித்து, எஞ்சிய பொழுதைக் கணிதத்திற்கு அளித்த நிலச்சுவான்தார்.

அக்காலத்தில் வான சாஸ்திரிகள் நீண்ட எண்களைப் பெருக்கியும் வகுத்துமே ஆயுளைக் கழித்து வந்தனர். ஓரிலக்கம் பிழைத்தால் பல நாள் வேலை வீணாகும். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்ற வழி தேடிய நேப்பியர், சுமார் இருபது வருஷ காலம் உழைத்துத் தயாரித்த அட்டவணையை 1614இல் லத்தீன் பாஷையில் வெளியிட்டார். லாகரிதம் என்னும் பெயரும் அவர் இட்டதே.

மறு வருஷம் லண்டன் கிரஷாம் கலாசாலை ஆசிரியரான ஹென்றி பிரிக்ஸ் அவரைக் காண வந்தார். பத்தை ஆதாரமாகக் கொண்டு அட்டவணையை மாற்றியமைக்க வேண்டுமென்பது பிரிக்ஸின் யோசனை. இருபது வருஷ உழைப்பைத் திருத்த வந்தவரிடம் நேப்பியர் சினங்கொள்ளவில்லை. அதனை ஏற்று, ஒன்றின் லாகரிதம் சைபராயிருத்தல் நலமென்று தாமும் ஒரு திருத்தம் கூறினார்; தேகம் தளர்ந்திருந்தமையால் அவ்வேலையைப் பிரிக்ஸிடமே ஒப்புவித்தார். 1617 ஏப்ரல் 4ஆம் தேதி காலமானார். 1624இல் பிரிக்ஸ் 30,000 எண்களின் லாகரிதங்களைப் பதினான்கு தசம ஸ்தானம் வரை கணித்து வெளியிட்டார்.

இதன் பயனுக்கு ஓர் உதாரணம் காண்போம். வருஷத்திற்கு 12 சதவிகிதக் கூட்டு வட்டியில் வாங்கிய கடன் எப்போது இரட்டிக்கும்? 1.12இன் எத்தனையாவது அடுக்கு 2 ஆகும் என்பதே கேள்வி. இருபுறமும் லாகரிதம் எடுத்தால், அடுக்கு கீழிறங்கிச் சாதாரணப் பெருக்கெண்ணாகிவிடும். 2இன் லாகரிதம் 0.30103, 1.12இன் லாகரிதம் 0.04922. முன்னதைப் பின்னதால் வகுக்க, 6.12 கிடைக்கிறது. ஆறு வருஷம் கடந்த சில வாரங்களிலேயே கடன் இரட்டித்துவிடும்! அடுக்கை எண்ணின் தலைமேல் எழுதும் இன்றைய வழக்கமோ, டெகார்ட் 1637இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே வேரூன்றியது.

கணக்கிடும் யந்திரங்கள் வந்தபின் அட்டவணைகள் வழக்கொழிந்தன. ஆயினும் அடுக்கில் மறைந்த எண்ணை வெளிக்கொணர லாகரிதமே இன்றும் கருவி. தம் பெயரினும் தாம் தொடங்கிய காரியம் பெரிதென்று நேப்பியர் கருதினார். ஆதலின் திருத்த வந்தவரையே அதற்கு வாரிசாக்கினார். பொதுக் காரியத்தில் இறங்கியோர் சிந்திக்கத்தக்க குணம் இது.