ஏஐ ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம் எழுதுறீங்களா? அப்போ கிரேஸ் ஹாப்பரைத் தெரிஞ்சுக்கணும்

உங்கள் டீமின் கோட் ரெப்போவில் ஒரு ஏஐ ஏஜென்ட் வேலை பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராஞ்ச் உருவாக்க, இஷ்யூ தேட, புல் ரிக்வெஸ்ட்டை மெர்ஜ் செய்ய என்று அதன் கையில் பத்துப் பதினைந்து டூல்கள். எதை எப்போது எடுக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? டூலின் பெயர், கீழே சில வரி விளக்கம், தர வேண்டிய உள்ளீடுகளின் பட்டியல். பெரும்பாலும் அவ்வளவுதான் அதன் கண்ணில் படும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத ஒருவருக்குக் கருவியை எப்படி விளக்குவது? இந்தக் கேள்வியோடுதான் கிரேஸ் ஹாப்பரின் கம்ப்யூட்டர் வாழ்க்கையே தொடங்கியது.

1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். சின்ன வயதில் வீட்டிலிருந்த அலாரம் கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்ட கதை பிரபலம். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம், வாஸர் கல்லூரியில் ஆசிரியப் பணி. போர் நேரத்தில் கடற்படையில் சேரப் போனால் எடை போதவில்லை என்றார்கள். விலக்கு வாங்கி, 1943 டிசம்பரில் சேர்ந்துவிட்டார்.

561 பக்க விளக்கம்

1944-இல் அவரை அனுப்பிய இடம் ஹார்வர்டு. அங்கே 51 அடி நீளத்துக்கு நின்றது மார்க் 1 கணிப்பொறி. அதன் தலைவர் ஹோவர்ட் ஐக்கன், இந்த மெஷினுக்கு ஒரு கையேடு எழுதச் சொன்னார். அப்படியொரு புத்தகத்தை ஹாப்பர் அதுவரை எழுதியதே இல்லை. கடற்படையில் இருக்கும்போது முடியாது என்று சொல்ல முடியுமா என்ன?

1946-இல் வெளியான அந்தக் கையேடு 561 பக்கம். மின்சுற்றுகள், கோடிங் முறை, தீர்த்துக் காட்டிய கணக்குகள் எல்லாம் அதில் உண்டு. பெரும்பகுதி ஹாப்பரின் உழைப்பு. அட்டையிலோ ஆய்வகப் பணியாளர்கள் எழுதியது என்று மட்டும் இருந்தது. டாக்குமென்டேஷன் எழுதுபவரின் பெயர் காணாமல் போவது புதுசு இல்லை.

(மார்க் 2-க்குள் அந்துப்பூச்சி சிக்கிய 1947 கதை எல்லோருக்கும் தெரியும். பக் என்ற சொல் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. விட்டுவிடலாம்.)

ஹார்வர்டில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. சைன் மாதிரி அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்கு எழுதிய கோடை, ஒருவர் நோட்டிலிருந்து இன்னொருவர் கையால் காப்பி எடுப்பார். இடம் மாறும்போது முகவரி எண்களைக் கூட்டி மாற்ற வேண்டும். கூட்டலிலும் தப்பு வரும், காப்பியிலும் தப்பு வரும்.

1949-இல் பிலடெல்பியாவின் எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்த ஹாப்பர், இதற்கு வழி கண்டார். துணைநிரல்களை காந்த நாடாவில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு எண் கொடுத்தார். எண்ணைச் சொன்னால் போதும், மெஷினே எடுத்துக் கோத்துவிடும். 1952-இல் வந்த இந்த ஏ-0 தான் ஆரம்பகால கம்பைலர்களில் ஒன்று. கம்ப்யூட்டர் கணக்கு மட்டும்தான் போடும், நிரல் எழுதாது என்று அப்போது பலர் நம்பவே இல்லை.

எண்ணிலிருந்து சொல்லுக்கு

ஆனால் வணிக அலுவலகத்தில் எண்களும் குறியீடுகளும் எடுபடாது என்று ஹாப்பருக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலச் சொற்களாலேயே நிரல் எழுதலாம் என்றார். அதை நிறுவ, ஒரே நிரலை பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஓட்டிக் காட்டினார். பிலடெல்பியாவில் செய்த மெஷினுக்கு பிரெஞ்சு புரியுமா என்று நிர்வாகம் மிரண்டது! மெஷினுக்கு எல்லாமே வெறும் எழுத்து வரிசைதான் என்பதே அவர் காட்ட வந்த விஷயம். அந்த முயற்சி ஃப்ளோ-மேட்டிக் ஆனது. 1959-இல் தொடங்கிய கோபால் மொழிக்கு அதுவே முக்கிய அடித்தளம்.

இங்கேதான் இன்றைய ஏஜென்ட் வேறுபடுகிறது. கம்பைலர் ஊகிக்காது, தெரியாத சொல் வந்தால் நின்றுவிடும். ஏஜென்ட் ஊகிக்கும். டூலுக்கு அப்டேட் என்று பெயர் வைத்து, ரெப்போவை அப்டேட் செய்யும் என்று எழுதினால் அது புல்லா, புஷ்ஷா? ஏஜென்ட் ஏதோ ஒன்றை முடிவு பண்ணிக்கொண்டு நகர்ந்துவிடும். பிராஞ்ச் நீக்கும் டூலில், இது ரிமோட்டிலும் நீக்குமா, மெர்ஜ் ஆகாத கமிட் இருந்தால் என்ன ஆகும், திரும்ப எடுக்க முடியுமா என்பதை எழுதாமல் விட்டால், இரண்டு நாள் உழைப்பு போகலாம். எப்போது பயன்படுத்தக் கூடாது, தோற்றால் என்ன பதில் வரும் என்ற வரிகளைத்தான் நாம் அதிகம் விட்டுவிடுகிறோம்.

விளக்கமும் நடத்தையும் ஒத்துப்போகணும் என்பதும் ஹாப்பருக்குத் தெரிந்த தலைவலிதான். 1966-இல் ஓய்வு பெற்றவரை, 1967-இல் கடற்படை திரும்ப அழைத்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் கோபாலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டிருந்தது. பெயர் ஒன்று, வேலை வேறு. எந்தக் கம்பைலர் தரநிலைப்படி நடக்கிறது என்று பிடித்துக் காட்டும் சோதனை நிரல்களை அவருடைய குழு உருவாக்கியது.

சில காலத்துக்கென்று போனவர், 1986-இல் ரியர் அட்மிரலாக 79 வயதில்தான் ஓய்வு பெற்றார். பிறகும் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் ஆலோசகர் வேலை. 1992 ஜனவரி 1 அன்று இறந்தார். கையேட்டின் அட்டையில் வராத பெயர், இன்று அமெரிக்கக் கடற்படையின் ஒரு போர்க்கப்பலில் இருக்கிறது.