ஞானி பிளேற்றோ

கி. மு. 427ஆம் ஆண்டளவில் ஏதென்ஸ் நகரத்து உயர்குடியொன்றிற் பிறந்தவர் பிளேற்றோ. அப்போது ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. கி. மு. 404இல் ஏதென்ஸ் தோற்றது. ஸ்பார்ட்டாவின் துணையுடன் முப்பதின்மர் ஆட்சியைக் கைப்பற்றினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய கிறித்தியாஸ், பிளேற்றோவின் தாயாருக்கு நெருங்கிய உறவினர். தம்மோடு சேருமாறு பிளேற்றோவையும் அழைத்தனர். நல்லாட்சி மலருமென நம்பியிருந்த இளைஞர், கொலையையும் கொள்ளையையும் கண்டு மனம் வெதும்பி ஒதுங்கினார். அடுத்த ஆண்டே குடியாட்சி மீண்டது. அதுவோ கி. மு. 399இல் அவர் போற்றிய சோக்கிரட்டீசுக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றது. சிலர் ஆண்டாலும் கேடு, பலர் ஆண்டாலும் கேடு என்றால் நோயின் வேர் எங்கே? இவ்வினாவே அவர் வாழ்வாயிற்று.

கி. மு. 387ஆம் ஆண்டளவில் நகர்ப்புறத்துச் சோலையொன்றில் அக்கடமி என்னும் கல்விக்கழகத்தை நிறுவினார். அரிஸ்டோட்டில் அங்கே 20 ஆண்டு பயின்றவர்.

‘குடியரசு’ என்னும் நூலின் எட்டாம் பகுதியில் விடை கூறப் புகுகின்றார். அறிவுடையோர் ஆட்சி புகழ்விரும்பிகளின் ஆட்சியாகவும், அது செல்வர் ஆட்சியாகவும், பின் குடியாட்சியாகவும், ஈற்றிற் கொடுங்கோலாகவும் இழியும். ஒவ்வோர் ஆட்சிக்கும் ஒத்த மனிதன் உண்டு. அவன் உருவாகுமிடம் வீடு. நேர்மையான தந்தை பதவிக்குப் போட்டியிடாது அமைதியாக வாழ்கின்றார். அவருக்குப் பதவியில்லாமையால் மற்றப் பெண்கள் நடுவே தனக்கு மதிப்பில்லையென்று மகன் காதுபடத் தாய் குறைப்படுகின்றாள். வேலைக்காரரும் தந்தையைப்போல் ஏமாளியாகாதிருக்கத் தூண்டுகின்றனர். மகன் புகழை நாடுகின்றான். அவனுடைய மகனோ, தந்தை பதவியும் பொருளும் இழந்து வீழ்ந்தமை கண்டு அஞ்சிக் காசைக் கட்டிக்கொள்கின்றான். இத்தகைய வீடுகளை நாமும் அறிவோம். தாய்மீது இவ்வளவு பழி சுமத்தியது தகுமா என்பதை மூத்தோர் கூறட்டும்.

குடியாட்சியைப்பற்றி அவர் கூறியவை மிகக் கடுமையானவை என்றே நாம் கருதுகின்றோம். அதனைக் கண்டித்து எழுதவும் கற்பிக்கவும் அவருக்கு இடந்தந்தது குடியாட்சி நிலவிய ஏதென்ஸ் நகரமன்றோ?

எழுதியதோடு அவர் அமைந்துவிடவில்லை. சிசிலித் தீவிலுள்ள சிராகூஸ் நகருக்கு மும்முறை சென்றார். கி. மு. 367இல், தம் அன்பர் டயோனின் வேண்டுகோட்கிணங்க, இளம் அரசனான இரண்டாம் டயனீசியஸைத் திருத்த முயன்றார். அவனுக்கு ஞானியின் நட்பிலே பெருமை இருந்தது. கற்கும் பொறுமை இருக்கவில்லை. டயோன் நாடு கடத்தப்பட்டார். கி. மு. 357இல் படையுடன் மீண்டு நகரைக் கைப்பற்றிய டயோனையும் மூன்றாண்டுகளிற் கொல்வித்தான், நண்பனாக உடன் வந்த ஏதென்ஸ் நகரத்தான் ஒருவன்.

முதுமையில் எழுதிய ‘சட்டங்கள்’ என்னும் நூலிலே, ஆள்வோரும் சட்டத்துக்குப் பணிந்த ஊழியராதல் வேண்டுமென்றார். கி. மு. 347இல், ஏறத்தாழ 80 வயதில் அவர் மறைந்தபோது, அந்நூல் இன்னும் மெழுகுப் பலகைகளிலேயே இருந்ததென்பர்.