ஐடா ஸ்கடர் அம்மையார்

நோய் உடலில் தோன்றுவது. ஆயினும், அதன் வேர் பல சமயங்களில் உடலுக்கு வெளியே இருக்கின்றது. வறுமை, கல்வியின்மை, தூய நீரின்மை, பழைய வழக்கங்கள், வீட்டிற்கும் மருத்துவமனைக்கும் இடையேயுள்ள தொலைவு ஆகிய யாவும் மக்களின் உடல்நலத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்லவை. பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவர் சிற்றூர்கள் இதற்குத் தக்க சான்றாகும். ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் மீன்வளம் குன்றும். மீன்வளம் குன்றினால் வருவாய் குறையும். வருவாய் குறைந்த வீட்டில் உணவு சுருங்கும். உணவு சுருங்கிய உடலில் நோய் எளிதில் குடிபுகும். ஏரியின் நடுவேயுள்ள இருக்கம் போன்ற தீவில் வாழ்ந்தோர், மருத்துவரை நாடுமுன் படகை நாட வேண்டியிருந்தது. இவ்வாறு மருந்திற்கும் நோயாளிக்கும் இடையே நிற்கும் தடைகள் பல. அத்தடைகளை அகற்றுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டு, தமிழகத்தின் வடபகுதியில் தொண்டாற்றிய பெருமாட்டி ஐடா ஸ்கடர் அம்மையார் ஆவார்.

ஐடா, 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவிலிருந்து வந்து இந்நாட்டில் மருத்துவப் பணி புரிந்தவர்கள். ஐந்து ஆண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண்மகவு ஆதலின், ஐடா பெற்றோரின் பேரன்பிற்கு உரியவராக வளர்ந்தார். அவர் சிறுமியாக இருந்தபொழுது, 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசியால் மெலிந்து துவண்ட குழந்தைகளுக்குத் தம் சிறு கைகளாலேயே உணவு வழங்கும் நிலை அவருக்கு ஏற்பட்டது. அத்துயரக் காட்சிகள் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தன. வறுமையும் நோயும் சூழ்ந்த வாழ்வினின்று விலகியிருக்கவே அவர் விரும்பினார். குடும்பத்துடன் அமெரிக்கா சென்று கல்வி கற்ற அவர், அங்கேயே இன்பமாக வாழ எண்ணியிருந்தார். பெற்றோரைப் போல இந்தியாவில் பணிபுரியும் நோக்கம் அவருக்குச் சிறிதும் இருந்ததில்லை.

1890ஆம் ஆண்டையொட்டி அவருடைய அன்னையார் நோயுற்றார். அவருக்குத் துணையாக இருப்பதற்காக ஐடா திண்டிவனத்திற்கு வந்தார். சில காலம் தங்கிவிட்டுத் திரும்புவதே அவரது திட்டம். ஆனால், ஓர் இரவு அவரது வாழ்க்கையின் போக்கையே மாற்றிவிட்டது.

அன்றிரவு, ஒருவர் பின் ஒருவராக மூவர் அவ்வீட்டின் கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவரும் உயர்குடியைச் சேர்ந்த இந்து. மூவரின் இளமனைவியரும் மகப்பேற்று வேதனையால் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஐடா வந்து உதவ வேண்டுமென்று அவர்கள் வேண்டினர். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், மருத்துவரான தம் தந்தையார் உடனே வருவார் என்றும் ஐடா எடுத்துரைத்தார். ஆனால், அயல் ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்களைக் காண்பதற்கு அம்மூவரின் வழக்கமும் இடந்தரவில்லை. மூவரும் வருத்தத்துடன் திரும்பிச் சென்றனர். சமயத்தால் வேறுபட்ட மூன்று இல்லங்களையும் ஒரே வழக்கம் பிணித்திருந்தது.

பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வந்தது. அவர்களை மாய்த்தது நோய் மட்டுமன்று. ஊரில் மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது. அவ்விரண்டும் அப்பெண்களை அணுக முடியாதவாறு வழக்கம் குறுக்கே நின்றது. பெண் மருத்துவர் ஒருவர் இருந்திருப்பின் அத்தடை நேர்ந்திராது. இதனை உணர்ந்த ஐடா, தாம் மருத்துவம் கற்று இந்நாட்டுப் பெண்களுக்கே பணிபுரிவது என்று உறுதி பூண்டார்.

அமெரிக்கா திரும்பிய அவர், 1899ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்களுக்கென மருத்துவமனை ஒன்று அமைக்கப் பொருள் திரட்டியபொழுது, நியூயார்க் நகரச் செல்வர் செல் என்பார், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பதினாயிரம் டாலர் வழங்கினார். 1900ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐடா வேலூரை அடைந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். துணையாக நின்றவரை இழந்தும் அவர் தளரவில்லை. தாம் வாழ்ந்த இல்லத்திலேயே சிறு மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். 1902ஆம் ஆண்டு, 40 படுக்கைகளுடன் மேரி டேபர் செல் மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனை எழுந்தும் நோயாளிகள் பலர் அங்கு வர இயலவில்லை. சிற்றூர்களில் வாழ்ந்த ஏழை மக்களுக்கு ஒருநாட் கூலியை இழப்பது ஒருநாள் உணவை இழப்பதாகும். வண்டிக்கூலி கொடுக்கவும் அவர்களிடம் பொருள் இல்லை. ஆதலின், நோயாளிகள் வரும்வரை காத்திராமல், அவர்கள் இருக்குமிடத்திற்கு மருத்துவத்தைக் கொண்டு செல்ல அம்மையார் முற்பட்டார். முதலில் மாட்டுவண்டியிலும், பின்னர் 1909ஆம் ஆண்டு முதல் மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் செல்லும் சாலை வழியே அவர் சென்றார். சாலையோரத்து மரநிழலே மருத்துவ நிலையம் ஆயிற்று. குறித்த நாளில் குறித்த இடத்தில் மக்கள் கூடுவர். புண்ணுக்குக் கட்டிடுவதும் மருந்தளிப்பதும் அங்கேயே நடைபெறும்.

ஒருவர் எத்துணை உழைப்பினும் ஒரு நாட்டின் தேவையை நிறைவேற்ற இயலாது. இந்நாட்டுப் பெண்களே மருத்துவராதல் வேண்டும் என்பதை அம்மையார் தெளிந்தார். 1909ஆம் ஆண்டு செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். பெண்கள் போதிய அளவில் முன்வருவரோ என்று அரசாங்க மருத்துவத் தலைவர் ஐயுற்றார். ஆனால், முதலாண்டுத் தேர்வு எழுதிய 14 மாணவியரும் வெற்றி பெற்றனர். ஆடவர் பயின்ற பள்ளிகளிலோ ஐவருக்கு ஒருவரே தேறினர். பெண்களின் அறிவாற்றலைப் பற்றிய ஐயம் அன்றே அகன்றது.

1938ஆம் ஆண்டு மற்றுமோர் இடர் எதிர்ப்பட்டது. மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாகவே இருத்தல் வேண்டும் என அரசாங்கம் விதித்தது. பள்ளியைக் கல்லூரியாக உயர்த்தப் பெரும்பொருள் தேவைப்பட்டது. அப்பொழுது அம்மையாரின் அகவை ஏறத்தாழ எழுபது. ஓய்ந்திருக்க வேண்டிய அம்முதுமையில் அவர் அமெரிக்கா சென்று, ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். அதன் பயனாக 1942ஆம் ஆண்டு பட்டப் படிப்பு தொடங்கிற்று. 1947ஆம் ஆண்டு ஆண் மாணவரும் சேர்க்கப்பட்டனர். அதுவே இன்று உலகம் அறிந்த வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாகும். பின்னர்ப் பணியினின்று ஓய்வுபெற்றுக் கோடைக்கானலில் வாழ்ந்த அம்மையார், 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், தமது 89ஆம் அகவையில் இயற்கை எய்தினார்.

மருந்து கண்டுபிடிப்பது அறிவின் பணி. அம்மருந்து ஏழையின் குடிசையை எட்டுமாறு செய்வது அன்பின் பணி. வழக்கம் குறுக்கே நின்றபொழுது பெண் மருத்துவர்களை உருவாக்கியும், வறுமையும் தொலைவும் குறுக்கே நின்றபொழுது தாமே வழிநடந்து சென்றும் அம்மையார் அப்பணியைச் செய்து காட்டினார். ஏரி நடுவே தீவிலும், மலை முகட்டிலும், நகரத்தின் சேரியிலும் வாழும் எளியோர் உள்ளவரை அப்பணி முடிந்ததாகாது. திண்டிவனத்தில் அன்றிரவு தட்டப்பட்ட கதவு இன்றும் தட்டப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. அதனைத் திறப்பது கற்றோர் யாவரின் கடனாகும்.