பசிப்பிணி தீர்த்த வள்ளலார்

சிதம்பரத்திற்கு அணித்தான மருதூரிலே 1823 ஆம் ஆண்டு ஒக்டோபர் 5 ஆந் திகதி, இராமையாபிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாக அவதரித்தவர் இராமலிங்க சுவாமிகள். கைக்குழந்தையாயிருக்கையிலேயே தந்தையார் சிவபதமடைய, சென்னையிலே தமையனார் சபாபதிபிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார்.

தம்பி பாடத்தில் மனஞ்செலுத்தாது கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே கதியெனக் கிடந்தமையைப் பொறாத தமையனார், அவருக்கு வீட்டிலே சோறிடக் கூடாதென்று கட்டளையிட்டாராம். அண்ணியார்தான் மனம் பொறுக்காமல், கணவர் அறியாவண்ணம் உணவிட்டு வந்தார். தந்தையாரின் திதியன்று வீடு நிறைய உறவினர் உண்ண, இப்பிள்ளை மறைவில் உண்பதைக் கண்டு அவ்வம்மையார் அழுதாரெனச் சரிதம் கூறும். பின்னொரு நாள் திருவொற்றியூர் தரிசனம் முடித்து இரவு பிந்தி வந்து, பசியோடு திண்ணையிற் படுத்தவருக்கு, வடிவுடையம்மையே அண்ணியார் வடிவில் வந்து அமுதளித்தாள் என்பது அடியார்கள் நம்பிக்கை. பசியென்றால் என்னவென்று சுவாமிகள் ஏட்டிலே படித்து அறிந்தவரல்லர்.

பிற்காலத்தில் சென்னையை நீங்கிக் கருங்குழியிலே தங்கியிருந்தார். 1865 இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியது. வடலூர்ப் பகுதி மக்கள் மனமுவந்து ஏறக்குறைய 80 காணி நிலம் வழங்க, 1867 மே 23 ஆந் திகதி அங்கே சத்திய தருமசாலையைத் தொடக்கினார். 21 அடி நீளமான அடுப்பு அமைக்கப்பட்டது. வருபவரின் சாதியோ சமயமோ ஊரோ கேட்கப்படவில்லை. பசித்து வந்தாரா என்பது ஒன்றே கணக்கு. 1872 இல் அருகே சத்திய ஞான சபையும் எழுந்தது. எனினும் சபைக்கு ஐந்தாண்டுகள் முன்னரே அடுக்களை எழுந்துவிட்டதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். 1874 சனவரி 30 இல் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்திலே அறையினுட் புகுந்து திருக்காப்பிட்டுக்கொண்டார். சோதியிற் கலந்தாரென்பர் அன்பர்.

சுவாமிகளின் பாடல்களை அருட்பா என்றழைப்பதை நமது நல்லூர் ஆறுமுக நாவலர் பெருமான் கடுமையாக மறுத்ததும், அப்பிணக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதும் யாவரும் அறிந்ததே. அவ்வழக்கைப் பற்றி இன்றும் வாதிடுவோர் உளர். ஆனால் 1877 இல் யாழ்ப்பாணத்திலே பஞ்சம் வந்தபோது, அதே நாவலர் பெருமான் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசியாற்றினார் என்பதைப் பேசுவோர் குறைவு. கொள்கையிலே எதிரெதிர் நின்ற இருவரும் அடுப்படியிலே ஒரே பக்கம் நின்றார்கள்.

வடலூரிலே 1867 இல் மூட்டிய அடுப்பு அணையாது இன்றும் எரிகின்றது. தைப்பூசத்திற்கு அங்கு செல்பவர்கள் ஞானசபைச் சோதி தரிசனத்தோடு அதனையும் கண்டு, அங்கேயே உணவருந்தித் திரும்புகின்றனர்.