கால்பந்து வீராங்கனை லில்லி பார்

கால்பந்து என்றதும் பெலே, யூசேபியோ என்று ஆண்களின் பெயர்களை மளமளவென்று அடுக்குகிறோம். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லும்படி கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். ஆனால் நூறாண்டுகளுக்கு முன்னரே, நம் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவியரின் வயதுடைய ஓர் இங்கிலாந்துச் சிறுமி 53,000 பேர் கூடிய மைதானத்தில் பந்து ஆடினாள். அவள் பெயர் லில்லி பார்.

அந்நாளில் லங்காஷயரைச் சேர்ந்திருந்த செயிண்ட் ஹெலன்ஸ் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே கண்ணாடித் தொழிற்சாலைக் கூலி ஒருவரின் ஏழு மக்களில் நான்காவதாக 1905ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் லில்லி பிறந்தார். தையலிலும் சமையலிலும் அவர் மனம் ஒட்டவில்லை. அண்ணன்மார் வெற்றுநிலத்தில் கால்பந்தும் ரக்பியும் ஆடும்போது தாமும் போய்ச் சேர்ந்துகொள்வார். பையன்கள் அவருக்காக விட்டுக்கொடுத்து ஆடியிருக்க மாட்டார்கள். நெடுந்தூரத்திலிருந்து குறி தவறாமல் அடிக்கும் அந்த இடது கால் அங்கேதான் உருவாயிற்று.

அது முதல் உலகப் போர்க் காலம். ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட, ஆலைகளில் பெண்கள் வேலை பார்த்தனர். பிரெஸ்டன் நகரில் டிக் கெர் என்னும் ஆலை இருந்தது. டிராம் வண்டிகள் செய்த அந்த ஆலையில் போர்க்காலத்தில் வெடிமருந்துத் தளவாடங்கள் செய்தார்கள். ஓய்வு நேரத்தில் ஆலை முற்றத்தில் பந்து உதைத்த பெண்கள் 1917இல் ஓர் அணியாகவே அமைந்துவிட்டனர். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 10,000 பேர் திரண்டனர். வசூலான பணம் காயமுற்ற போர்வீரர்களின் மருத்துவமனைக்குப் போயிற்று.

லில்லி முதலில் ஆடியது தம் ஊர்ப் பெண்கள் அணியில். அந்த அணி டிக் கெர் அணியுடன் மோதியபோது, டிக் கெர் மேலாளர் ஆல்பிரெட் பிராங்க்லண்டின் கண்ணில் இவர் பட்டார். ஆலையில் வேலையும், ஆட்டம் ஒன்றுக்கு 10 ஷில்லிங்கும் தருவதாகச் சொல்லி அவரை அழைத்துக்கொண்டார்கள். ஊதியத்தோடு சிகரெட்டுப் பெட்டிகளும் வேண்டும் என்று லில்லி கேட்டு வாங்கினாராம்! ஆண்டு மலரில் எழுதத்தக்க செய்திதானா என்று தயங்கினேன். ஆனாலும் அவரைப் பற்றிப் பேசுவோர் எவரும் இதை விடுவதில்லை. 1920இல் பிரெஸ்டனுக்கு வந்த இவர், அணித்தோழி ஆலிஸ் நாரிஸ் என்பவர் வீட்டில் தங்கி, இடது ஓர முன்னணி ஆட்டக்காரராக ஆடத் தொடங்கினார். ஆறடியை எட்டும் உயரம். மழையில் நனைந்தால் கல்லாய்க் கனக்கும் அந்நாளைய தோல் பந்தை, மைதானத்தின் ஓரத்திலிருந்து கோல் முகப்புக்கே அனுப்புவார். அவரை ஏளனம் செய்த ஓர் ஆண் கோல்காவலர், அவர் அடித்த பந்தைத் தடுக்கப் போய்க் கை முறிந்தார் என்று ஒரு கதையும் உண்டு.

1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரில் குடிசன் பார்க் மைதானத்தில் ஆட்டம். எதிரணி எது தெரியுமா? லில்லியின் பழைய செயிண்ட் ஹெலன்ஸ் அணியேதான். உள்ளே 53,000 பேர். இடமின்றி வெளியே நின்றவர்கள் இன்னும் பல்லாயிரம். கோல் அடிப்பதில் பெயர் பெற்ற பிளாரி ரெட்போர்டு ரயிலைத் தவறவிட்டதால், தடுப்பாட்டக்காரரான தலைவி ஆலிஸ் கெல் முன்னணிக்குச் சென்று மூன்று கோல் அடித்தார். டிக் கெர் அணி 4–0 என வென்றது. 3,000 பவுனுக்கு மேல் வசூலாகி அறச்செயல்களுக்குச் சென்றது. பெண்களின் கழக ஆட்டம் ஒன்றுக்கு அத்தனை பெரிய கூட்டம் மறுபடியும் வந்தது 2019இல்தான், அதுவும் ஸ்பெயினில்.

மறு ஆண்டு அந்த அணி 67 ஆட்டங்கள் ஆடியது. பெண்களோ பகலில் ஆலையில் வேலை செய்பவர்கள்! வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் பெண்கள் ஆட்டங்களால் பணம் திரண்டது. வளர்ச்சி இப்படி இருக்கும்போதுதான் இடி விழுந்தது. 1921 டிசம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, தன்னைச் சேர்ந்த கழகங்கள் பெண்களுக்கு மைதானம் தரக் கூடாதென்று தடுத்துவிட்டது. வசூல் பணத்தில் செலவு மிகுதி என்ற குற்றச்சாட்டும் வந்தது. ஆனால் கூட்டம் பெருகியது பலருக்குப் பொறுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. லில்லிக்கு அப்போது வயது பதினாறு. குடிசன் பார்க் ஆட்டம் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

அவர் ஆட்டத்தை விட்டாரா? இல்லை. ரக்பி மைதானங்களிலும் திறந்த வெளிகளிலும் அணி ஆடியது. 1922இல் கப்பலேறிக் கனடா சென்றார்கள். அங்கும் ஆட இடம் மறுக்கப்படவே, அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குப் போய் ஆண்கள் அணிகளையே எதிர்த்து ஆடி, மூன்று ஆட்டங்களில் வென்றும் காட்டினார்கள். பதினேழு வயதில் இதைச் செய்தவர், ஊர் திரும்பி மனநோய் மருத்துவமனையில் செவிலியாய்ப் பணியாற்றிக்கொண்டே 1951 வரை ஆடினார். அடித்த கோல்கள் 900க்கு மேல் என்பர்.

அத்தடை 1971இல் நீங்கியபோது அவருக்கு வயது அறுபத்தைந்தைக் கடந்திருந்தது. 1978 மே 24 அன்று புற்றுநோயால் காலமானார். 2002இல் இங்கிலாந்துக் கால்பந்து அருங்காட்சியகத்தின் புகழரங்கில் இடம் பெற்ற முதற்பெண் இவரே. 2019இல் மான்செஸ்டரில் அவருக்குச் சிலையும் எழுந்தது. அவர் உடலோ, அண்ணன்மாரோடு பந்து பழகிய செயிண்ட் ஹெலன்ஸ் மண்ணிலேயே அடக்கமாகியிருக்கிறது.