சிறையைப் பார்க்கச் சென்ற நீதிபதி

கோவையிலிருந்து மேற்கே போகும் இரயில் வாளையாற்றைத் தாண்டியதும் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. பேச்சு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. பாலக்காட்டைச் சுற்றியுள்ள அக்கிரகாரங்களிலும் எல்லையோரச் சிற்றூர்களிலும் தமிழ் இன்றும் வீட்டு மொழியாக வாழ்ந்து வருகிறது. அத்தகைய ஊர்களில் ஒன்று வைத்தியநாதபுரம். 1915ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அங்கே பிறந்தவர்தாம் பிற்காலத்தில் உச்சநீதிமன்ற நீதிபதியாக விளங்கிய வி. ஆர். கிருஷ்ணய்யர்.

மன்ற இதழுக்குப் பெரியார் ஒருவரின் வரலாறு எழுதித் தருமாறு ஆசிரியர் என்னைக் கேட்டபோது, இயற்பியல் படிப்பவன் ஆதலால் விஞ்ஞானி ஒருவரைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் நீதிபதி ஒருவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். என் சித்தப்பா சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கைகலப்பு வழக்கில் சிக்கி, எல்லையோரச் சிறை ஒன்றில் விசாரணைக் கைதியாக நாற்பத்தேழு நாள் கிடந்தார். ஜாமீன் முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டது. வெளியே வரத்தான் வழியில்லை. எப்படி என்று கேட்கிறீர்களா? அதைப் பின்னால் சொல்கிறேன். கிருஷ்ணய்யர் என்ற பெயரை நான் முதன்முதலாக அறிந்தது அந்த வழக்கின் தாள்களில்தான். அவர் மறைந்தபோது நான் ஆறாம் வகுப்பு மாணவன்.

அவருடைய தந்தையார் வழக்கறிஞர். தலைச்சேரியில் பாசல் மிஷன் பள்ளி, பாலக்காட்டில் விக்டோரியா கல்லூரி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னையில் சட்டக் கல்லூரி என்று அவருடைய கல்வி வளர்ந்தது. வீட்டிலே தமிழ், ஊரிலே மலையாளம், நீதிமன்றத்திலே ஆங்கிலம். நம்மிற் பலர் அறிந்த வாழ்க்கைதான். 1938இல் தலைச்சேரியில் தொழில் தொடங்கினார். தொழிலாளரும் குத்தகை உழவரும் அவரை நாடி வந்தனர்.

1948ஆம் ஆண்டு நடந்த ஒன்று அவருடைய பிற்காலத்து வாழ்வுக்கெல்லாம் வித்தாயிற்று என்பது என் கருத்து. விசாரணை என்ற பெயரில் காவலர் கைதிகளை வதைப்பதை அவர் எதிர்த்தார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று குற்றஞ்சாட்டி அவரையே பிடித்துச் சிறையில் வைத்தனர். ஒரு மாதந்தான். ஆயினும், வழக்கறிஞராக வெளியே நின்று பார்க்கும் சிறை வேறு. உள்ளே படுத்து எழுந்து பார்க்கும் சிறை வேறு அன்றோ? இந்தியாவில் சிறைச் சட்டம் எழுதியவர்களிலும் அதற்குப் பொருள் கூறியவர்களிலும் சிறைச் சோறு உண்டவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

1952இல் கூத்துப்பறம்பிலிருந்து சுயேச்சையாக நின்று சென்னைச் சட்டமன்றத்துக்குச் சென்றார். கேரள மாநிலம் பிறந்தபின் 1957இல் தலைச்சேரியில் வென்று, ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவையில் இடம் பெற்றார். சட்டம், உள்துறை, மின்சாரம், நீர்ப்பாசனம் ஆகியவற்றோடு சிறைத் துறையும் அவர் பொறுப்பில் வந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கைதியாக உள்ளே இருந்தவரின் கையில் இப்போது சிறைகளின் சாவி! ஏழைகளுக்கு அரசுச் செலவில் சட்ட உதவி என்ற ஏற்பாட்டையும், கைதிகளின் உரிமைகளை ஒப்புக்கொள்ளும் சிறைச் சீர்திருத்தங்களையும் அவர் தொடங்கினார். தொடங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும்; முடிக்க நேரமில்லை. 1959 ஜூலை 31இல் மத்திய அரசு அந்த அமைச்சரவையைக் கலைத்துவிட்டது.

அடுத்த பத்தாண்டைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். 1968இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1971இல் சட்ட ஆணையத்தின் உறுப்பினரானார். ஏழைகளுக்குச் சட்ட உதவி தருவது எப்படி என்று ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராகி 1973இல் அறிக்கை அளித்தார். அவ்வாண்டே உச்சநீதிமன்றம் சென்றார். இலவசச் சட்ட உதவி அரசின் கடமை என்னும் 39அ பிரிவு 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்ததற்கு அந்த அறிக்கையும் வழி வகுத்தது எனலாம். 1975 ஜூன் 24இல் இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில் நிபந்தனையோடு தடையாணை வழங்கியவரும் இவரே. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. செய்தித்தாள்கள் இவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்த ஒரு நாளையே எழுதுகின்றன. எனக்கு அதைவிடப் பின்னைய மூன்று ஆண்டுகளே பெரியனவாகத் தோன்றுகின்றன.

1978இல் ஒரு வழக்கு வந்தது. தில்லித் திகார் சிறையில் மரண தண்டனை பெற்ற சுனில் பத்ரா என்பவர், மேல்முறையீடு முடியுமுன்பே தம்மைத் தனிக் கொட்டடியில் அடைத்திருப்பதை எதிர்த்து எழுதியிருந்தார். 1894ஆம் ஆண்டின் வெள்ளையர் காலத்துச் சிறைச் சட்டமே அன்றும் ஆண்டுகொண்டிருந்தது. வழக்கை விசாரித்தவர்களில் தலைமை நீதிபதியும் வேறிரு நீதிபதிகளும் திகாருக்கே நேரில் சென்று பார்த்தனர். அம்மூவரில் ஒருவர் கிருஷ்ணய்யர். கொட்டடியின் அளவையும் வெளிச்சத்தையும் கண்ணால் கண்டபின் எழுதிய தீர்ப்பு அது. ஆய்வுக்கூடத்தில் அளந்து பாராமல் முடிவு எழுதக்கூடாது என்று நமக்குக் கற்பிக்கிறார்களே, அதே முறை! தூக்குத் தண்டனை எல்லா முறையீடும் முடிந்து உறுதியாகும்வரை ஒருவரை அவ்வாறு தனிமையில் பூட்டக்கூடாது என்று நீதிமன்றம் விதித்தது.

அதே பத்ரா மீண்டும் ஒரு கடிதம் எழுதினார். இம்முறை தமக்காக அன்று. சக கைதி ஒருவரைக் காண வந்த உறவினரிடம் பணம் பறிப்பதற்காக, தலைமைக் காவலாள் ஒருவன் அக்கைதியைத் தடியால் கொடுமையாகக் காயப்படுத்திவிட்டான் என்பது செய்தி. முத்திரைத் தாள் இல்லை, வக்காலத்து இல்லை, வெறும் கடிதம். அதையே மனுவாக நீதிமன்றம் ஏற்றது. வழக்கறிஞர்களை நீதிமன்றத்தின் துணைவர்களாக நியமித்து, சிறைக்குள் சென்று சாட்சிகளைக் கண்டு, ஏடுகளைப் பார்த்து வரப் பணித்தது. அதிகாரிகள் சொன்ன கதை ஒன்று. அவர்கள் கண்டது வேறு. கொடுமை நடந்தது உண்மையே என்று 1979 டிசம்பர் 20இல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் கிருஷ்ணய்யர்.

அத்தீர்ப்பின் கட்டளைகளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் இதழைப் படிக்கும் சட்ட மாணவர்கள் பொறுத்தருள்க. மாவட்ட நீதிபதியும் மாவட்ட ஆட்சியரும் தாமாகவோ தம் சார்பில் ஒருவரை அனுப்பியோ சிறைகளைப் பார்வையிட்டுக் குறை கேட்க வேண்டும். குறைகளை எழுதிப் போடச் சிறைக்குள் பெட்டிகள் வேண்டும். அவற்றைத் திறக்கும் பொறுப்பு சிறை அதிகாரியுடையது அன்று, மாவட்ட நீதிபதியும் ஆட்சியரும் அதை ஏற்க வேண்டும். நியமிக்கப்பட்ட வழக்கறிஞர்கள் காலந்தவறாது உள்ளே சென்று, கைதிகளோடு தனித்துப் பேசி, நீதிமன்றத்துக்கு அறிக்கை தரவேண்டும். தனிக் கொட்டடி, உணவுக் குறைப்பு போன்ற தண்டனைகளை மாவட்ட நீதிபதி அறியாமல் கொடுக்கக்கூடாது. அவசரமாயின் இரண்டு நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். சிறையைச் சிறையே மேற்பார்ப்பது போதாது, வெளியிலிருந்து ஒரு கண்ணும், அக்கண்ணுக்குத் துணையாகச் சட்டம் அறிந்த ஒருவரும் வேண்டும் என்பதே இதன் சாரம். 1993இல் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குச் சட்டம் தந்த சிறை பார்க்கும் உரிமையும் இவ்வழியில் வந்ததே.

எனக்கு ஒரு குறை உண்டு. கைதிகள் தம் உரிமைகளை அறியக் கையேடு ஒன்று இந்தியில் அச்சிட வேண்டும் என்றும் அத்தீர்ப்பில் ஆணையிட்டார். தில்லிச் சிறைக்கு அது பொருந்தும். ஆனால் சிறை இருக்கும் ஊரின் மொழி வேறு, உள்ளே இருப்பவனின் மொழி வேறு என்றால் என்ன செய்வது? வாளையாற்றுக்கு அருகே பிறந்தவருக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா என்று நினைத்துக்கொள்வேன். அவருடைய ஆங்கிலமும் அப்படித்தான். ஏழைக்காக எழுதிய தீர்ப்பைப் படிக்க எம். எஸ்ஸி. மாணவனாகிய நானே பலமுறை அகராதியைப் புரட்டினேன். கைதிகளைத் திருத்தத் தியானம் உதவும் என்று 1977இல் ஒரு தீர்ப்பில் எழுதினார். அறிவியல் படிப்பவன் என்ற முறையில் அதில் எனக்கு உடன்பாடு குறைவு. சிறைக் காவலரை முதலில் உட்காரவைக்கலாமே என்று விடுதி நண்பர் ஒருவர் கூறினார்!

பல்கலைக்கழக மாணவர்கள் அறிய வேண்டிய வழக்கு ஒன்றும் 1978இல் வந்தது. பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழைப் போலியாகத் தயாரிக்க முயன்று அகப்பட்டார். மூன்றாண்டுச் சிறை. தீர்ப்பின் நகல் பல ஆண்டுகளாகக் கைக்கு வராததால் மேல்முறையீடு செய்யவே முடியவில்லை என்றார் அவர். கிருஷ்ணய்யர் அவரை விடுவிக்கவில்லை. ஆனால் அவரைக் காரணமாகக் கொண்டு எல்லாக் கைதிகளுக்கும் விதி செய்தார்: தீர்ப்பின் நகலை விரைவில் இலவசமாகத் தரவேண்டும், மேல்முறையீட்டுக்கு வழியில்லாதவனுக்கு அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தரவேண்டும். கெட்ட வழக்கிலிருந்து நல்ல சட்டம் பிறந்தது.

இனி, என் சித்தப்பாவிடம் வருகிறேன். அதே 1978இல், மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு உச்சநீதிமன்றமே ஜாமீன் கொடுத்திருந்தது. கீழ்நீதிமன்றம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டது. பிணை நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லித் தள்ளியும் விட்டது. கொத்தனார் மீண்டும் முறையிட்டார். தொகையை 1,000 ரூபாய்க்குக் குறைத்து, அவருடைய சொந்தப் பத்திரத்தின் பேரிலேயே விடச் சொன்னார் கிருஷ்ணய்யர். தெற்கிலிருந்து பிழைக்கப் போன தமிழனோ மலையாளியோ வடக்கே பிடிபட்டால் உள்ளூர்ப் பிணைக்கு எங்கே போவான் என்ற கேள்வியையும் அத்தீர்ப்பில் எழுப்பினார். எல்லைப்புறத்தில் பிறந்தவர் என்பது அங்கேதான் தெரிகிறது.

லயத்துக்காரன் நிலை அதைவிட ஒருபடி கீழ். வீடு தோட்டக் கம்பெனிக்கு உரியது. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டியது. நிலவரி ரசீது காட்ட எங்கள் லயத்தில் ஒருவராலும் முடியாது. தேனிப் பக்கத்து உறவினர் பத்திரத்தோடு ஓடி வந்தார். வேறு மாநிலம் என்று திருப்பி அனுப்பினார்கள். நாற்பத்தேழு நாள் அப்படித்தான் போயிற்று. கொழுந்து பறிக்கும் சித்தியின் கூலியில் பாதி பஸ்ஸுக்கே செலவாயிற்று. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு என்பதை எங்களுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் ஜாமீன் கிடைத்தும் பிணையின்றிக் கிடந்தவர் எத்தனை பேரோ!

சட்ட உதவி மையத்திலிருந்து சிறை பார்க்க வந்த இளம் வழக்கறிஞர் ஒருவர் சித்தப்பாவிடம் தமிழிலே பேசினார். உள்ளே அவரோடு தமிழில் பேசிய முதல் அதிகாரக் குரல் அதுதான் என்று சித்தப்பா இன்றும் சொல்வார். இரண்டு பக்க மனு. அதில் கொத்தனார் வழக்கு. ஐந்தாம் நாள் சொந்தப் பத்திரத்தில் வெளியே வந்தார்.

கிருஷ்ணய்யர் 1980 நவம்பரில் ஓய்வு பெற்று எறணாகுளத்தில் குடியிருந்தார். 1987இல் பெண் கைதிகளின் நிலை பற்றிய தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அவ்வாண்டே குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் ஆர். வெங்கட்ராமனை எதிர்த்து நின்று தோற்றார். நூறாவது ஆண்டில் அடிவைத்த சில நாள்களில், 2014 டிசம்பர் 4ஆம் நாள் மறைந்தார்.

மனுவின் நகலைச் சித்தப்பா தகரப் பெட்டியில் ரேஷன் அட்டையோடு வைத்திருக்கிறார். போன விடுமுறையில் அதை எடுத்து என்னிடம் கொடுத்து, அதில் வரும் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டார். பாலக்காட்டுத் தமிழர், நீதிபதி, எறணாகுளத்தில் இருந்தவர் என்றேன். எறணாகுளம் ஒரு பகல் பயணந்தானே, ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று சொன்னேன். தாளை மடித்து மறுபடியும் பெட்டியில் வைத்துக்கொண்டார்.